பொழுது சாய்வதற்குள்

சிங்கவரம்
மே 4

அக்காவுக்கு அபிநந்தன் எழுதுவது.

மூன்று வருஷம் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வருகிறதே என்று பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கவிதா சௌக்கியம். நான் போன் செய்தால் நீ பேச மாட்டாய். உன் பட்டன் போனுக்கு நான் அனுப்பும் படமும் வராது. அதனால்தான் காகிதம். பால் வண்டி தாண்டவராயன் தினமும் மேல்சித்தாமூர் போய்த்தான் செஞ்சிக்குத் திரும்புகிறார். கொடுத்துவிடுகிறேன் என்றார். "இன்னா தம்பி, இம்மாம் கிட்ட இருந்துகினு லெட்டரு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்னி நட்சத்திரம் இன்றுதான் ஆரம்பம், ஆனால் ஷெட்டுக்குள் பத்து நாளாகவே அக்னிதான். பகலெல்லாம் மலைப் பாறை வெயிலைக் குடித்துவிட்டு இரவில் எங்கள் மேல் விடுகிறது. கூரை மேல் தென்னங்கீற்று போட்டு நனைக்கிறேன், சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டியிருக்கிறேன். கரண்டு இருந்தால் மின்விசிறி. மூவாயிரம் கோழியில் இதுவரை அறுபத்திரண்டு போய்விட்டன. கம்பெனிக் கணக்கு உனக்குத் தெரியாது. குஞ்சும் தீவனமும் அவர்களுடையது, இடமும் உழைப்பும் நம்முடையது. பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் அடுத்த குஞ்சு இறக்க மாட்டார்கள். போன கோடையிலேயே ஒரு எச்சரிக்கை வாங்கியாயிற்று. இந்த முறை முந்நூறைத் தாண்டினால் ஷெட் காலிதான். எனக்கு வேறு வேலை கிடையாது, சென்னையில் என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

பயிற்சி வகுப்பில் கால்நடை டாக்டர் ஒரு மூலிகைப் பொடி சொன்னார். நெல்லி வற்றல், துளசி, கீழாநெல்லி, அமுக்கரா. தீவனத்தில் கலந்து காலை, இரவு இரு வேளை கொடுத்தால் வெயிலைத் தாங்குமாம். செஞ்சியில் ஒரு கடையில் வாங்கினேன். நெல்லி என்ற பெயரில் பாதி கொட்டை, மீதி வண்டு. நம் வீட்டு மூலிகைக் கடைச் சரக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதைத்தான் கேட்கிறேன். காசு தருகிறேன். ஆசீர்வாதம் கேட்கவில்லை.

அபி


மேல்சித்தாமூர்
மே 6

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

தம்பி அபிக்கு,

உன் கடிதத்தில் மேலே 'துணை' எழுதாமல் விட்டிருக்கிறாய். மறந்ததா, கை வரவில்லையா? இரண்டாவது என்றால் உனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷம்.

நான் ஏன் பேசுவதில்லை என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கவிதாவைக் கட்டிக்கொண்டபோது நைனா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு சரியாகிவிட்டார். நீ அவள் நிலத்தில் கோழி ஷெட் போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்ட அன்றுதான் சோற்றைத் தள்ளினார். நாலு நாள் தண்ணீர் மட்டும். பெற்றவர், எழுபத்தொரு வயது உடம்பு. ஐந்தாம் நாள் கோயிலுக்கு அழைத்துப் போய், சாமி முன்னால் நின்று, "அபி ஷெட்டை மூடுகிற வரைக்கும் அவனிடம் பேச மாட்டேன்" என்று நான் விரதம் எடுத்தேன். வந்து கஞ்சி குடித்தார். உன் குரலைக் கொடுத்து அவர் உயிரை மீட்டேன், அவ்வளவுதான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் சாமர்த்தியம் உண்டு.

ஆனால் மருந்து? எறும்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து உரலைத் துடைக்கிற சமணர் கடை இது. அங்கே இடித்ததைக் கொண்டுபோய், நாற்பத்திரண்டாம் நாள் கத்திக்குப் போகிறதுக்குக் கொடுப்பாயா? எதற்குக் காப்பாற்றுகிறாய், வெட்டுவதற்கா? யோசித்துப் பார். எனக்கு மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மோரில் உப்புப் போட்டுக் குடி.

திரிசலா


சிங்கவரம்
மே 8

அக்கா,

தொண்ணூற்றேழு.

நேற்று மூன்று மணிக்குக் கரண்டு போனது. கோழிக்கு வியர்க்காது, உனக்குத் தெரியுமா? வாயைப் பிளந்து இரைக்கும். இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு உமியில் கவிழ்ந்து கிடக்கும். கழுத்தை நீட்டும். பிறகு ஒரு உதறல், அவ்வளவுதான். ஒன்று என் காலின் நிழலுக்குள் வந்து உட்கார்ந்தது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. கரண்டு வரும் வரை ஒரே இடத்தில் நின்றேன், ஒரு மணி நேரம். என் வாழ்க்கையில் நான் செய்த ஜீவகாருண்யம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

எதற்குக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டாய். அவை எங்கே போகின்றன என்று உன்னைவிட எனக்கு நன்றாகவே தெரியும். லாரியில் ஏற்றுகிற அன்று நான் சாப்பிடுவதில்லை, கவிதாவைக் கேட்டுப் பார். ஆனால் போகிற வரைக்கும் இருக்கிற நாளில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். எனக்குப் பிழைப்பும் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

கவிதாதான் குழி வெட்டினாள். "உங்க அக்கா பேப்பர்லகூட சண்டதான் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

இனிமேல் கேட்க மாட்டேன்.

அபி


மேல்சித்தாமூர்
மே 10

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

அபி,

பதினாறு பொட்டலம் தாண்டவராயனிடம் கொடுத்திருக்கிறேன். காசு அனுப்பினால் அதே வண்டியில் திரும்பி வரும்.

இரண்டு நாளும் நீ எழுதிய அந்தக் கால் நிழல்தான் கண்ணுக்குள் நின்றது. நேற்று விடிந்ததும் இடிக்க உட்கார்ந்தேன். நெல்லி வற்றலை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துத்தான் போட்டேன். துளசி நம் கொல்லையில் காய்ந்தது. அமுக்கரா கிழங்கு, மண்ணுக்குள் விளைந்தது நம் அடுப்படிக்குள் வராது, கடைக்குள் வரும், அதனால் பாவம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நைனா கடைக்கு வந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு இம்மாம் இடிக்கிற? ஆருக்கு?"

பொய் சொல்ல எனக்கு வராது. "வெயில்ல வாடுறவங்களுக்கு" என்றேன். பிறகு மூலையிலிருந்த சலிக்கிற துணியை எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

பொட்டலம் எல்லாம் நம் கடைக் கவர்தான். எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை, நானும் தனியாக எழுதவில்லை. டாக்டர் சொன்ன இரு வேளைதான். மற்றது கவரில் அச்சடித்திருக்கிறது, உனக்கு மனப்பாடம்.

அக்கா


சிங்கவரம்
மே 14

அக்கா,

கையெழுத்து நன்றாக இருக்கிறதா? மூன்று நாளாகத் தூங்குகிறேன், அதுதான்.

பத்தாம் தேதி மாலையே ஆரம்பித்துவிட்டேன். எட்டாம் தேதிக்கு அப்புறம் இதுவரை வெறும் பன்னிரண்டு. மேகமும் கொஞ்சம் மூடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கோழி தெளிவாக எழுந்து நடக்கிறது. கம்பெனி சூப்பர்வைசர் ஆனந்தராஜ் பொடியை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், ரசம் வெக்கப் போறீங்களா?" என்றான். கிண்டல் செய்யட்டும்.

முன்பெல்லாம் காலை பத்து மணிக்குத் தீவனத் தட்டை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் இறக்குவேன். இப்போது மாற்றியிருக்கிறேன். காலை வேளைப் பொடி விடியற்காலைத் தீவனத்தில். இரவு வேளைப் பொடிக்குக் கவரைப் பார்த்தேன். 'இரவு வேளை மருந்தைப் பொழுது சாய்வதற்குள் உட்கொள்ளவும்.' சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தால்கூட, சூரியன் இறங்குமுன் நைனா கஷாயத்தை வாயில் ஊற்றிவிடுவாரே, அதுதான் ஞாபகம் வந்தது. அவை தின்று முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் நாலு மணிக்கே தட்டை இறக்கிவிடுகிறேன். பகலெல்லாம் பசித்துக் கிடந்ததால் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி விளக்கு வைக்குமுன் சாப்பிட்டு முடித்துவிடுகின்றன என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

மூவாயிரத்தில் நூற்றொன்பது. இன்னும் பதினைந்து நாள். தாண்டிவிடலாம் அக்கா.

அபி


சிங்கவரம்
மே 17

அக்கா,

மேகம் கலைந்தது. முந்தாநாளும் நேற்றும் நூற்று ஐம்பத்தொன்று. எல்லாம் மாலையில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். கரண்டும் இருந்தது, விசிறியும் சுற்றியது. சாக்கைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. புதிதாக ஷெட்டுக்குள் வந்தது உன் பொடி ஒன்றுதான்.

என்ன கலந்தாய்? மனசு வரவில்லை என்று முதலிலேயே எழுதினாயே, மனசில்லாமல் இடித்தது இப்படித்தான் ஆகும். ஷெட்டை மூடினால்தானே நீ பேச முடியும்? சீக்கிரம் மூடட்டும் என்று நினைத்தாயா?

குழி வெட்டிக் கை எல்லாம் கொப்புளம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அபி


மேல்சித்தாமூர்
மே 18

அபி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை மூடினேன். மத்தியானம் கடை மூடுவது அம்மா போன அன்றைக்கு அப்புறம் இன்றுதான்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் எழுதிவிட்டாய். நாலு நாள் பட்டினி கிடந்த கிழவருக்காக விரதம் எடுத்தவளைப் பார்த்து, கோழியைக் கொன்று ஷெட்டை மூடப் பார்க்கிறாய் என்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. அசதியாக இருக்கிறது.

மீதிப் பொடியை நானே ஒரு கரண்டி தின்று பார்த்தேன். கசப்பு, துவர்ப்பு, வேறொன்றும் இல்லை. சரக்கில் குறை கிடையாது, சாமி அறிய. அப்படியானால் வேறு எங்கோ தப்பு. என்ன தண்ணீர், என்ன தீவனம், எத்தனை மணிக்கு என்ன செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

திரிசலா


சிங்கவரம்
மே 20

அக்கா,

உன் பொடியில் குறை இல்லை. நான் எழுதியது தப்பு. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

வெயில் அதிகம், அதுதான் காரணம். மணிக்கணக்கு எல்லாம் எழுத ஒன்றும் இல்லை. இப்போது சாவு குறைந்திருக்கிறது. இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடு. யாரையும் போய் விசாரிக்க வேண்டாம். நைனாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அபி


மேல்சித்தாமூர்
மே 22

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

அபி,

விட்டுவிடு என்று நீ சொன்னால் நான் விடுவேனா? சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டு "ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்கிற அதே குரல் உன் கடிதத்தில் கேட்டது.

பதினாலாம் தேதிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பதினேழாம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். நாலு மணிக்குத் தட்டு இறங்குகிறது, ஐந்திலிருந்து ஆறுக்குள் சாவு. இரண்டையும் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எந்தக் கோழி என்று டாக்டரம்மா கேட்டபோது, என் தம்பி கோழி என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வெளி ஆளிடம் சொல்கிறேன்.

அந்த அம்மா படித்ததும் தலையில் கை வைத்தது. "இரை உள்ள போனா உடம்பு உள்ளாரயே சூடாகும்மா. வெயில் நேரத்துல அதுக்குத்தான் தட்ட தூக்கறது. காலைல இருந்து காயப்போட்டு நாலு மணிக்கு வயிறு நெறைய குடுத்தா, வெளிய ஒரு அடுப்பு, உள்ள ஒரு அடுப்பு. ராத்திரி வேளைன்னா ராத்திரிதான் குடுக்கணும். ஆரு மாத்தச் சொன்னது?" என்று கேட்டது.

நான் சொல்லவில்லை. கவர் சொன்னது. கவரை நம்பு என்று சொன்னது நான். விளக்கு வைத்த பிறகு சாப்பிடாத நமக்கு, இரவு என்று எழுதியிருந்தால்கூட மாலை என்றுதான் படிக்கத் தோன்றும். நீயும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நம் வீட்டில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வேறு யாராவது என்றால், கோழிக்கு எதற்கு இந்தச் சட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

நூற்று ஐம்பத்தொன்று. எறும்பைப் பார்த்து உரலைத் துடைத்தவள் கையால். நான் கொன்றேன் என்று எழுதிப் பார்க்கிறேன், எழுத முடிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இன்று உபவாசம் இருக்கிறேன். அதனால் எதுவும் திரும்பி வராது என்று எனக்கும் தெரியும்.

உடனே நேரத்தை மாற்று. விளக்கு வைத்த பிறகு கொடு.

அக்கா


சிங்கவரம்
மே 30

அக்கா,

பதினேழாம் தேதி அந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்பிய கையோடு ஆனந்தராஜ் வந்தான். தட்டு நாலு மணிக்கு இறங்கியதைக் கேட்டதும் அவனே சொல்லிவிட்டான். அன்றிலிருந்தே நேரத்தை மாற்றிவிட்டேன். உனக்குத் தெரிந்தால் சாப்பிடாமல் கிடப்பாய் என்றுதான் மறைத்தேன். மறைக்கவும் எனக்குத் துப்பு இல்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நேரத்தை மாற்றியதும் அதே பொடி வேலை செய்தது. இருபத்து நாலாம் தேதி அன்றைக்கு அடித்த வெயிலில் பக்கத்து ஷெட்டில் எண்பது போனது, எனக்கு ஒன்பது. நீ இடித்தது வீண் இல்லை.

ஆனால் முன்பே அடிபட்டவை தேறவில்லை, ஒன்றிரண்டாகப் போய்க்கொண்டே இருந்தன. நேற்று லாரி வந்து ஏற்றிப் போனது. மொத்தம் முந்நூற்றுப் பதினொன்று. "பதினொண்ணு தானே சார், நான் பேசிப் பாக்கறேன்" என்றான் ஆனந்தராஜ். காலையில் போன் செய்தான், முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

உமியை அள்ளி வெளியே கொட்டிவிட்டேன். தட்டு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கவிதா செஞ்சியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். நான் என்ன செய்வது என்று தெரியவில்லை, இரண்டு நாள் தூங்கலாம் என்று இருக்கிறேன். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை நம்பு.

ஷெட் மூடியாயிற்று. உன் விரதமும் முடிந்தது. இனி நீ பேசலாம்.

அபி


மேல்சித்தாமூர்
ஜூன் 2

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

அபி,

முந்தாநாள் மூன்று தடவை போன் செய்தாய். மூன்றாவது தடவை எடுத்தேன். "அக்கா, அக்கா" என்றாய். உன் குரல் நைனா குரல் மாதிரி ஆகிவிட்டது, எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. போனை வைத்துவிட்டேன். இந்த மூன்று வருஷமும் அந்த ஷெட் மூட வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டவள் நான். மூடியது, என் கையாலேயே மூடியது. அப்படிக் கிடைத்த பேச்சை எந்த வாயால் பேசுவேன்? நீ வருத்தம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது, அதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நைனாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டாம் தேதி நான் உபவாசம் இருந்தபோதே, என்ன விசேஷம், இன்று திதி ஒன்றும் இல்லையே என்று கேட்டார். சொல்லிவிட்டேன். பொடி, கவர், நாலு மணி, எல்லாம். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கத்தவில்லை.

"எத்தினி?" என்றார்.

"நூத்தி அம்பத்தொண்ணு."

எழுந்து கடைக்குள் போனார். அச்சடித்த கவர்க் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வரி அவருடைய நைனா காலத்திலிருந்து இருக்கிறது. மறுநாள் அவரும் சாப்பிடவில்லை. அப்புறம் பத்து நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்று காலை நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், உரல் பக்கத்தில் உட்கார்ந்து நெல்லி வற்றலை உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் சரியாகத் தெரியாமல் ஒவ்வொன்றையும் மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறார். பொட்டலம் கட்டியாயிற்று. ஒவ்வொரு கவரிலும் அந்த அச்சு வரிக்குக் கீழே பேனாவால் தானே ஒரு வரி எழுதியிருக்கிறார். எழுத்து கோணலாக இருக்கிறது. 'கோழிகளுக்கு விளக்கு வைத்த பிறகு.'

நம் கடைக் கவரில் கோழி என்ற வார்த்தை, அவர் கையெழுத்தில். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் தலையைத் தூக்காமல், "அவனுக்கு அட்த்த குஞ்சு எப்ப எறங்குது?" என்று கேட்டார்.

உன் கடிதம் என் இடுப்பில்தான் செருகியிருந்தது. விசாரிச்சுச் சொல்றேன் என்றேன். முழுப் பொய் இல்லை, பாதிப் பொய்.

பொட்டலங்களைத் தாண்டவராயனிடம் கொடுத்திருக்கிறேன். இருபது இருக்கிறது. காலி ஷெட்டில் கொண்டுபோய் வை. அடுத்த குஞ்சு வராது என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும். நாளை காலை பத்து மணிக்குக் கடை போனுக்குக் கூப்பிடு. அவர்தான் எடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் பேசி முடித்ததும் போனை வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா